குளத்துக்குக் கூட்டம், வீட்டுக்கு வழமை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தக் கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கும் ஊர்ச்சனமே, எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல வாழ்வைத் தருவது வழிவழி வந்த பழக்கமா, யோசித்து எடுத்த தீர்மானமா? இதுதான் தலைப்பு. நான் தீர்மானத்தின் பக்கம். எனக்கு முன் பழக்கத்துக்காகப் பேசிய அண்ணன், "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டுப் போனார். நான் அதை மறுக்கவில்லை. வெற்றிலையோடு புகையிலையைக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருக்கும் பழக்கம் சுடுகாடு மட்டும் வரத்தான் செய்யும். கொஞ்சம் கெதியாகவே கூட்டிக்கொண்டும் போகும். புகையிலையை விடுங்கள், வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பட்டியலில் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது.

சரி, எங்கள் கிளிநொச்சி இரணைமடுவுக்கு வருவோம். 36 அடி கொள்ளும் குளம். குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோக விதைப்புக்கு முன் என்ன நடக்கிறது? அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் நடக்கிறது. குளத்தில் இன்றைக்கு இத்தனை அடி தண்ணீர் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கை வைக்கும். மிச்சத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், துருசுக் கதவை எந்தத் தேதியில் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது, எந்தத் தேதிக்குள் விதைப்பு முடிய வேண்டும், மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். கமக்கார அமைப்புகள் வாய்த்தர்க்கப்படும், சிலர் எழும்பிப் போவதுபோலப் போய்த் திரும்பி வந்து இருப்பார்கள். ஆனால் கடைசியில் தீர்மானம் எழுதப்படும். "போன வருடம் இவ்வளவு விதைத்தோம், இந்த வருடமும் அவ்வளவே விதைப்போம்" என்று அங்கே ஒருவரும் சொல்ல முடியாது. அப்படி விதைத்தால் நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வாய்க்கால் வறண்டு கிடக்கும்.

இனி, அந்தக் கூட்டத்தில் சத்தம் போட்ட அதே கமக்காரர் வீட்டுக்கு வாருங்கள்.

புரட்டாதி பிறந்தால், பெரும்போகத்துக்காக வீட்டுக்கார அக்காவின் சங்கிலி வங்கிக்கு அடைவுக்குப் போகும். உழவு, விதைநெல், பசளை எல்லாம் அந்தக் காசில்தான். அறுவடைக்கு வெட்டு மெசின் வயலுக்குள் நிற்கும்போதே வியாபாரியின் லொறி வரம்போரம் வந்துவிடும். நெல் பச்சை. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கவேண்டும், காயவைக்க வேண்டும். காயவைக்கத் தளமில்லை, அங்கே அடைவு வட்டி ஓடுகிறது. ஈர நெல் ஈர நெல்லாகவே, வியாபாரி சொன்ன விலைக்கு ஏறிப்போகும். நல்ல வருடமென்றால் சங்கிலி மீளும். இல்லாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அந்தச் சங்கிலி அக்காவின் கழுத்தில் கிடந்த நாளைவிட வங்கிப் பெட்டகத்தில் கிடந்த நாள் அதிகம். "ஏனண்ணை இப்படி?" என்று கேட்டால், "இது வழமைதானே தம்பி" என்கிறார்.

"வறுமையைப் பழக்கம் என்கிறாயா?" என்று எதிரணி பாயும். இல்லை. கையில் காசில்லாதது அவர் குற்றமில்லை. ஆனால் விதைப்பைப் பாருங்கள். விவசாயத் திணைக்களம் சொல்வது ஹெக்டேயருக்கு 100 கிலோ, எங்கள் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கிலோ, அதாவது இரண்டு புசல். வயலில் மூன்று புசல் போகிறது. குருவிக்கு, பன்றிக்கு, கண்ணூறுக்கு என்று இன்னொரு அரைப் புசல்! நெருங்கி முளைத்த பயிர் பசளையும் கூடக் கேட்கும், நோயையும் கூட்டி வரும். பக்கத்து வயல்காரர் யூரியா எறிந்தால் இவரும் எறிவார். இலையை வர்ண அட்டையோடு வைத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் போடலாம். அந்த அட்டை சுவரில் கலண்டருக்குப் பின்னால் தொங்கும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அது முழு முட்டாள்தனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பசளை கண்காணாத விலையில் திரும்பி வந்தபோதுதான் பலபேர் "உண்மையில் ஏக்கருக்கு எத்தனை கிலோ வேணும்?" என்று கமநல சேவை நிலையத்தில் போய்க் கேட்டார்கள். ஒரு கேள்வி கேட்பதற்கு நாடு முறியவேண்டுமா?

ஆவணியில் ஒருநாள் பின்னேரம், ஒரு கொப்பியோடு புருஷனும் பெண்சாதியும் மூத்த பிள்ளையும் இருந்து கதைத்தால் என்ன? எத்தனை புசல், எத்தனை மூடை காயவைப்பது, வருகிற காசில் முதலில் எதை மீட்பது என்று எழுதினால் போதும். "வீட்டை அரசாங்கக் கச்சேரி ஆக்கச் சொல்கிறார்" என்று எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள், கொப்பி நாற்பது பக்கம் காணும்.

எதிரணி அக்கா ஒன்று சொன்னார், அதை லேசாகத் தட்டிவிட மாட்டேன். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், அந்தச் சிக்கனப் பழக்கம்தான் வன்னியைக் காத்தது என்றார். உண்மை. அப்படியானால் 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பாதை திறந்து, லீசிங் கொம்பனிகள் வரிசையாக வந்து இருந்தபோது அந்தப் பழக்கம் எங்கே போனது? ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்தோமே! சவர்க்காரம் கிடைக்காத நாளில் சவர்க்காரம் போடாமல் குளித்ததற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க முடியாது. கடை நிறையச் சாமான் இருக்க, கடன் தர ஆள் வாசலில் நிற்க, "இப்போது வேண்டாம்" என்று சொல்லப் பழக அந்தக் காலம் எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை. இனித்தான் பழகவேண்டும்.

கடைசியாக, "இரத்தத்தில் ஊறியதை விட ஏலாது" என்ற வாதம். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு முடிந்தால் எத்தனையோ வீடுகளில் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டி பரணில் ஏறிவிடும். குடிக்கிற மனிசன் குடிக்கமாட்டார். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத்தண்ணீரில் விளக்கெரிந்து, திங்கட்கிழமைப் பொங்கல் முடியுமட்டும் ஒரு துளி தொடமாட்டார். அவரை ஒருவரும் கட்டிப்போடவில்லை. அம்மனுக்கு ஒரு சொல் கொடுத்தார், அவ்வளவுதான்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரேயொரு கேள்வி. அத்தனை நாள் விட்டிருந்த மனிசனை, பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? அடுத்துப் பேச வரும் அண்ணன் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.