பட்ஜெட்டுக்குள் ஒரு குடும்பக் கூடாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலைப் பக்கம் போய் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்ததும் முதலில் நடப்பது, கைப்பேசியில் ‘நான்கு பேர் கூடாரம்’ என்று தேடுவதுதான். வருகிற படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விலையில்தான் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று இன்று பார்ப்போம்.

நம் ஊர் மலைகளில் கூடாரத்தைச் சோதிப்பது குளிரைவிட ஈரம்தான். மேலிருந்து மழை, கீழிருந்து மண்ணின் ஈரம், உள்ளேயிருந்து நம்முடைய மூச்சு. இந்த மூன்றையும் சமாளிக்கும் பாகங்களுக்குப் பணம் போனால் போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்கு முன் அளவு. உறையின் மேல் ‘4’ என்று போட்டிருந்தால், இடைவெளியே விடாமல் தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர் படுக்கலாம் என்று அர்த்தம். ஆளுக்கு 55 அல்லது 60 சென்டிமீட்டர் அகலம். பைகளுக்கு இடமே கிடையாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நான்கு பேர் கூடாரம் பலவற்றில் தரை 200-க்கு 200 சென்டிமீட்டர்தான். அதாவது ஆளுக்கு 50. நீளத்திலும் இடிக்கும். சுவர் சாய்ந்து இறங்குவதால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 15 சென்டிமீட்டர் வீதம் வீணாகும். ஆக, 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவரே துணியைத் தொட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். ராத்திரி தொட்ட இடம் காலையில் நனைந்திருக்கும்.

அதனால் எண்ணை விட்டுவிட்டு உள்தரையின் நீள அகலத்தைக் கேளுங்கள். பெரியவர்கள் இருவர், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் என்றால் 210-க்கு 240 சென்டிமீட்டர் போதும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் ஆறு பேர் அளவு. அதற்கு மேல் பெரிதாக வாங்க ஆசைப்பட வேண்டாம். பெரிய கூடாரம் காற்றை அதிகம் வாங்கும், சமமான தரையும் அதிகம் கேட்கும். மலைச்சரிவில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும் என்றால் விலை குதிக்கும், எடையும் ஏறும். உட்கார்ந்து சட்டை மாற்ற 130 சென்டிமீட்டர் உயரம் போதும். முதல் கூடாரத்துக்கு அதுவே சரி.

இப்போது மூச்சு விஷயம். தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் ஒருவர் உடம்பிலிருந்து ஒரு ராத்திரியில் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நான்கு பேருக்கு ஒரு லிட்டர். அது குளிர்ந்த துணியில் பட்டு முத்துமுத்தாக நிற்கும், பிறகு முகத்தில் சொட்டும். ‘கூடாரம் ஒழுகுகிறது’ என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சொட்டுகள் கூரை முழுக்கப் பரவலாக இருந்தால் அது மூச்சு. ஒரு தையல் வரிசையிலோ ஒரு மூலையிலோ மட்டும் கோடாக இறங்கினால் அதுதான் ஒழுகல்.

ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் இதற்குத் தீர்வு கிடையாது. இரட்டை அடுக்கு என்றால் உள்ளே காற்றாடும் துணியும் கொசுவலையும். வெளியே தண்ணீர் புகாத மேல்விரிப்பு. நடுவில் விரல் நுழையும் அளவுக்காவது இடைவெளி. ஈரம் வெளித்துணியில் நின்று, அதன் வழியே தரைக்கு இறங்கிவிடும். இரண்டாயிரம் ரூபாய் சுற்றில் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. உச்சியில் மட்டும் தொப்பி மாதிரி ஒரு சின்னத் துணி இருக்கும். அதைக் காட்டி ‘இரட்டை அடுக்கு’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மேல்விரிப்பு நான்கு பக்கமும் தரைவரை இறங்குகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் கணக்கில், கூடுதல் காசு கொடுக்க இதைவிட நல்ல காரணம் வேறில்லை. அந்தக் காசு இல்லையென்றால் மட்டமானதை வாங்குவதைவிட முதல் தடவை முகாம் நடத்துபவரிடமே வாடகைக்கு எடுப்பது மேல்.

மழைக்கு வருவோம். விவரப் பட்டியலில் 1500 மில்லிமீட்டர், 2000 மில்லிமீட்டர் என்று ஓர் எண் இருக்கும். துணியின் மேல் அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாமல் தாங்கும் என்பது அதன் பொருள். மேல்விரிப்புக்கு 1500-க்குக் குறையக் கூடாது, 2000 இருந்தால் நிம்மதி. 800, 1000 என்பதெல்லாம் தூறலுக்குத்தான். தரைக்கு இன்னும் அதிகம் வேண்டும். முழங்காலை ஊன்றும்போது மழையைவிடப் பல மடங்கு அழுத்தம் அந்த இடத்தில் விழுகிறது. தார்ப்பாய் மாதிரி நெய்த பாலிஎத்திலீன் தரை கனமாக இருக்கும், ஆனால் மலிவு விலையில் அதுதான் உழைக்கும். அந்தத் தரைத்துணி சுவரில் 10, 15 சென்டிமீட்டர் ஏறிய பிறகே தையல் வர வேண்டும். தையல் தரைமட்டத்திலேயே இருந்தால் ஓடிவரும் தண்ணீர் ஊசித்துளை வழியாக உள்ளே வரும்.

ஊசித்துளைதான் எல்லா இடத்திலும் பலவீனம். மேல்விரிப்பைத் திருப்பி, தையல்மேல் கண்ணாடி மாதிரியான பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தையல் துளைகளை அடைக்கும் பசையான சீம் சீலரை, பாலியூரித்தேன் வகையாகப் பார்த்து, உள்பக்கத் தையலில் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். குளியலறை ஓரத்தில் அடிக்கிற சிலிக்கானைப் பூசக் கூடாது. பாலியூரித்தேன் பூசிய துணியில் அது பிடிக்காமல் தோலாக உரிந்துவரும்; பிறகு சரியான சீலரும் அந்த இடத்தில் ஒட்டாது.

கூடாரத்துக்கு அடியில் தனியாகத் தார்ப்பாய் விரிக்கிறீர்களா? நல்லது. அது கூடாரத்தின் தரையைவிட நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் மழையைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்குக் கீழே சேர்த்துவிடும்.

கம்பிகள். இந்த விலையில் ஃபைபர்கிளாஸ்தான் வரும், தவறில்லை. நான்கு பேர் கூடாரத்துக்கு 8.5 மில்லிமீட்டர் தடிமன், ஆறு பேருக்கு 9.5. அவை உடைவது பெரும்பாலும் காற்றினால் அல்ல, மாட்டுகிற கையினால். ஒரு துண்டின் முனை அடுத்த துண்டின் குழாய்க்குள் முழுவதும் இறங்காமல் அரைகுறையாக நிற்கும். அப்படியே வளைத்தால் வாய்ப்பகுதியில் நார்நாராகப் பிளக்கும். துணியின் உறைக்குள் கம்பியைத் தள்ளித்தான் நுழைக்க வேண்டும், வெளியே எடுக்கும்போதும் தள்ளியே எடுக்க வேண்டும். இழுத்தால் துண்டுகள் உள்ளேயே கழன்றுவிடும். பிளந்த கம்பிக்கு மேல் செருகிக்கொள்ள 15 சென்டிமீட்டர் உலோகக் குழாய் ஒன்றும் ஒட்டுநாடாவும் பையில் இருக்கட்டும். பிளந்த நார் கையில் ஏறினால் லேசில் வராது, துணி சுற்றிப் பிடியுங்கள்.

கூடவே வரும் முளைகள் மெல்லிய கம்பியாக இருக்கும். செம்மண் காய்ந்து இறுகிய தரையில் இரண்டாவது அடியிலேயே வளையும். கிரில் பட்டறையில் சொன்னால் 25 சென்டிமீட்டரில் எட்டுக் கம்பி வெட்டி, மேல்முனையை வளைத்துக் கொடுப்பார்கள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும்; உள்பக்கம் சாய்ந்தால் கயிறு நழுவிவிடும். மேல்விரிப்பை முளைகளோடு இழுத்துக் கட்டும் இழுகயிறுகளைப் ‘புயல் வந்தால் பார்த்துக்கலாம்’ என்று பையிலேயே விட்டுவிடுகிறார்கள். மேல்விரிப்பை உள்துணியில் படாமல் விலக்கி வைப்பதே அந்தக் கயிறுகள்தான். நனைந்த மேல்விரிப்பு தொய்ந்து உள்துணியில் ஒட்டினால் இரட்டை அடுக்குக்குக் கொடுத்த காசு வீண்.

தூக்கிப் போட்டால் தானே விரிகிற பாப்-அப் வகை கார் உள்ளவர்களுக்குச் சௌகரியம். மடித்த வட்டமே பெரிதாக இருப்பதால் பேருந்துக்கு ஆகாது. மடிக்கிற வித்தையை வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, கொசுவர்த்திச் சுருள் மூன்றும் கூடாரத்துக்குள் கூடவே கூடாது, வாசல் தாழ்வாரத்திலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பாலியஸ்டர் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். கொசுவுக்கு வலை இருக்கிறது, ஜிப்பை மூடி வைத்தால் போதும்.

காலம்? முதல் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இடிமழை தொடங்கியிருக்காது. கொடைக்கானல், ஊட்டி என்றால் அந்த மாதங்களில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். கூடாரம் குளிரைத் தடுக்காது, அடியில் தடித்த ஃபோம் பாய் வேண்டும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது. அனுமதி பெற்ற முகாம்களையே தேடுங்கள்.

வாங்கி வந்ததும் மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். முளை அடிக்க முடியாத இடத்தில் தண்ணீர் நிரப்பிய கேன்களில் கயிற்றைக் கட்டலாம். முதலில் நனைக்காமல் சோதனை. கம்பித் துண்டுகளை எண்ணுங்கள். தரைத்துணியை வெயிலுக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தெரிகிறதா என்று பாருங்கள். ஜிப்பை வளைவுகளில் பத்துத் தடவை ஓட்டுங்கள். முதலில் மக்கர் பண்ணுவது அங்கேதான். குறை இருந்தால் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள் அனுப்பிவிடலாம். இதில் தேறினால், உள்ளே தரை முழுக்கச் செய்தித்தாள் பரப்பி, மேலே குழாயால் கால்மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். தாளில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள தையலில் சீலர் போட்டால் சரியாகிவிடும்.

நனைத்ததை அப்படியே சுருட்டி வைக்காதீர்கள். உள்ளும் புறமும் நிழலில் நன்றாகக் காயட்டும். ஈரத்தோடு பரணில் ஏற்றினால் நம் வெக்கைக்கு உள்பூச்சு பிசுபிசுத்து, கெட்ட வாடை வந்து, செதில் செதிலாக உரியும். அதன் பிறகு எந்தச் சீலரும் உதவாது. காய்ந்ததை இறுக்கமான உறையில் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

வணக்கம்.