லீலா ஹோட்டல் பங்கு: 700 கோடி எப்படி 47 கோடி ஆச்சு?

அடுத்த கேள்வி திருநெல்வேலியில இருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம்தான், அப்படியே படிச்சிடறேன். "சார், 2025 மே மாசம் லீலா ஹோட்டல் ஐபிஓவுல 435 ரூபாய்க்கு பங்கு கிடைச்சுது. லிஸ்ட் ஆன அன்னைக்கே விலை இறங்கிடுச்சு. வருஷ லாபம் 47 கோடிதான், ஆனா கம்பெனி மதிப்பு 14,500 கோடிங்கறாங்க. இது எப்படி சரியா வரும்? நான் போட்டது பொண்ணு காலேஜுக்கு வச்சிருந்த பணம், இன்னும் ரெண்டு வருஷத்துல தேவைப்படும். வச்சிருக்கலாமா?"

ஐபிஓன்னா ஒரு கம்பெனி தன் பங்கை முதல் தடவையா பொதுமக்களுக்கு விக்கறது. லிஸ்ட் ஆகறதுன்னா அந்தப் பங்கு சந்தையில கைமாற ஆரம்பிக்கறது. நீங்க ரொம்ப சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. 14,500 கோடியை 47 கோடியால வகுத்தா முன்னூறு மடங்குக்கு மேல வரும். இதைப் பார்த்ததும் ஏமாத்து வேலைன்னு தோணும். அப்படி இல்லை. ஆனா அந்த 47 எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சாத்தான் இந்தக் கம்பெனியே புரியும்.

2025 மார்ச்சோட முடிஞ்ச வருஷத்தை எடுத்துக்குவோம். மொத்த வருமானம் சுமார் 1,406 கோடி. சம்பளம், கரண்ட், சமையல் சாமான்னு ஹோட்டல் நடத்துற செலவெல்லாம் போக கையில நின்னது 700 கோடி. அதாவது நூறு ரூபாய் வந்தா ஐம்பது ரூபாய் நிக்குது. எத்தனை தொழில்ல இப்படி நிக்கும், சொல்லுங்க? ஹோட்டலைப் பொறுத்தவரைக்கும் அவங்க அருமையா நடத்துறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. சொந்த ஹோட்டல்கள்ல சராசரி அறை வாடகை ஒரு ராத்திரிக்கு சுமார் 22,500 ரூபாய். நூறு அறையில 68 அறை நிரம்புது. காலி அறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஒரு அறைக்கு 15,300 ரூபாய் சொச்சம் வருது. இதைத்தான் ரெவ்பார்னு சொல்றாங்க. ஹோட்டல் பங்கு பாக்கறவங்க முதல்ல தேட வேண்டிய எண் இதுதான்.

அப்போ 700 எப்படி 47 ஆச்சு? வட்டி. 450 கோடிக்கு மேல வட்டிக்கே போயிருக்கு. மிச்சத்துல கட்டடத் தேய்மானம், வரி எல்லாம் போக நின்னது 47 கோடி சொச்சம். அதுவும் முதல் லாபம் மாதிரிதான். அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு கோடி நஷ்டம், அதுக்கும் முந்தின வருஷம் 61 கோடி நஷ்டம்.

இந்தக் கடன் கதை இந்த ஹோட்டல்களுக்குப் புதுசு இல்லை. லீலாவை ஆரம்பிச்சவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர், கண்ணூர்க்காரர். அடிப்படையில ஜவுளி ஏற்றுமதியாளர். துவைக்கத் துவைக்க சாயம் போற நம்ம மெட்ராஸ் துணியை 1950கள்ல அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வித்தவர். அறுபது வயசைத் தாண்டி, மனைவி லீலா பேருல மும்பை ஏர்போர்ட் பக்கத்துல முதல் ஹோட்டலைக் கட்டினார். அந்த வயசுல அப்படி ஒரு துணிச்சல்! எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா டெல்லி சாணக்யபுரி, நம்ம சென்னை எம்.ஆர்.சி. நகர்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கடன் வாங்கிக் கட்டினாங்க. ஆடம்பர ஹோட்டல் கட்டி முடிக்கவே பல வருஷம் ஆகும், நல்லா ஓட இன்னும் சில வருஷம் ஆகும். வட்டி மட்டும் முதல் நாள்ல இருந்தே ஓடும். 2011-ல கோவளம் ஹோட்டலை வித்தாங்க. 2012-ல கடன் மறுசீரமைப்புக்குப் போனாங்க, அதாவது கடனைத் திருப்பிக் கட்டுற நிபந்தனையை மாத்தித் தரச் சொல்லி வங்கிகள்கிட்ட போனாங்க. 2015-ல கோவாவையும் வித்தாங்க. அப்பவும் தாங்கலை. கடைசியில 2019-ல பெங்களூரு, சென்னை, டெல்லி, உதய்ப்பூர் நாலையும் கனடாவோட முதலீட்டு நிறுவனம் புரூக்ஃபீல்டு 3,950 கோடிக்கு வாங்கிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க, அந்த ஹோட்டல்கள் எல்லாமே அழகானதுதான், நல்ல பேரு எடுத்ததுதான். சென்னை லீலாவுல ஒரு முகூர்த்த நாள்ல போய் நின்னு பாருங்க. வாசல்ல வாழைமரம், நாதஸ்வரம், பின்னாடி கடல். மண்டபம், சாப்பாடு, அறைன்னு ஒரே கல்யாணத்துல அவ்வளவு வருமானம். இருந்தும் பழைய உரிமையாளர் கையை விட்டுப் போச்சு. ஹோட்டல் சரியில்லாம போகலை, கடன்தான் கொண்டுபோச்சு.

அதனால ஐபிஓல நான் முக்கியமா பார்த்தது ஒரே ஒரு விஷயம். மொத்தம் 3,500 கோடி திரட்டினாங்க. அதுல 1,000 கோடி புரூக்ஃபீல்டு தன் பங்கை வித்தது, அந்தப் பணம் அவங்களுக்குப் போயிடும். 2,500 கோடிதான் கம்பெனிக்கு வந்தது. அதுல 2,300 கோடியைக் கடன் அடைக்க ஒதுக்கினாங்க. 2025 மார்ச் கணக்குப்படி கடன் சுமார் 3,900 கோடி. பாதிக்கு மேல குறையுது. வட்டியைப் பத்து சதவீதம்னு வச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு 230 கோடி மிச்சம். வரி போக 170 கோடி. பழைய 47-ஐயும் சேர்த்தா 220 கோடிப் பக்கம் லாபம் வரணும். இது நான் கையில போட்ட கணக்கு, கம்பெனி சொன்னது இல்லை. இப்போ வகுத்துப் பாருங்க, முன்னூறு மடங்கு அறுபத்தஞ்சு மடங்கா இறங்கிடும். அதுவும் மலிவு இல்லைங்க. 2025 ஜூன் 2-ம் தேதி 406 ரூபாய் சொச்சத்துல லிஸ்ட் ஆச்சுன்னா, சந்தையும் அதைத்தான் சொல்லுச்சு. தாஜ் நடத்துற இந்தியன் ஹோட்டல்ஸ் கோவிட் முடிஞ்ச கையோட பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி, கையிருப்புப் பணத்தைக் கழிச்சுப் பார்த்தா கடனே இல்லாத நிலைக்கு வந்துட்டாங்க. லீலா இப்பத்தான் அந்த வழியில நடக்க ஆரம்பிச்சிருக்கு.

இனிமே எப்படி இருக்கும்? நல்லது என்னன்னா, பெரிய நகரத்துல நடு ஊர்ல அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் இனிமே யாருக்கும் சுலபமா கிடைக்காது. பக்கத்துலேயே போட்டிக்கு ஒரு அரண்மனை ஹோட்டல் எழும்ப வருஷக்கணக்காகும். அதனால வாடகையை ஏத்த முடியுது. ஏத்துற ஒவ்வொரு ரூபாயிலயும் பெரும்பகுதி நேரா லாபத்துக்குப் போகும், ஏன்னா அறை நிரம்பினாலும் நிரம்பலைன்னாலும் லாபியில ஏசி ஓடித்தான் ஆகணும், வாசல்ல ஆள் நின்னுதான் ஆகணும்.

அதே காரணம்தான் ஆபத்தும். கோயம்பேட்டுல மல்லிப்பூ விக்கறவங்களைக் கேளுங்க, சாயங்காலம் மிஞ்சின பூவுக்கு என்ன மதிப்புன்னு. இன்னைக்கு ராத்திரி காலியா கிடந்த அறையை நாளைக்கு விக்க முடியாது. பூக்காரம்மாவாவது விலையைக் குறைச்சுத் தள்ளிடுவாங்க. ஐநட்சத்திர ஹோட்டல் ஒரு அளவுக்கு மேல குறைச்சா பேரே போயிடும். 2020-ல என்ன ஆச்சுன்னு பார்த்தோம். 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதல், அதுக்கடுத்து மே மாசம் எல்லையில பதற்றம், வடக்குல பல ஏர்போர்ட்டை மூடினாங்க. அந்த வாரங்கள்ல பயணம் ரத்து ஆனா, ஹோட்டலுக்கு அந்த ராத்திரிகள் திரும்பி வராது.

கம்பெனி இன்னும் விரிவடையப் போகுது, ஆக்ரா, ரண்தம்போர், ஸ்ரீநகர்னு திட்டம் இருக்கு. இங்கதான் நீங்க கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். அடுத்தவங்க ஹோட்டலை நிர்வாகம் பண்ணிக் கட்டணம் வாங்கினா சரி. சொந்தமா கட்ட மறுபடியும் கடன் ஏறுதுன்னா, பழைய கதை ஞாபகம் வரணும். ஒவ்வொரு காலாண்டு முடிவுலயும் நிதிச் செலவுன்னு ஒரு வரி இருக்கும், அதை முதல்ல பாருங்க. ஒப்பிடும்போது போன வருஷம் இதே காலாண்டோட ஒப்பிடுங்க. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் இவங்களுக்கு சீசன். ஆடி மாசத்தைத் தை மாசத்தோட ஒப்பிட்டா குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு, ஐபிஓ முடிஞ்சப்பவும் நாலுல மூணு பங்குக்கு மேல புரூக்ஃபீல்டு கையிலதான் இருந்துச்சு. அவங்க முதலீட்டு நிறுவனம், ஒரு நாள் வித்துட்டுப் போகத்தான் வருவாங்க. பெரிய அளவுல விக்கும்போது விலை அழுந்தும்.

இடையில ஒரு எச்சரிக்கை. சிலர் "லீலா பங்கு ரொம்பக் குறைஞ்ச விலையில கிடைக்குதே"ன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. அது ஹெச்எல்வி, நாயர் ஆரம்பிச்ச பழைய கம்பெனி. மும்பை ஹோட்டல் மட்டும்தான் அவங்ககிட்ட இருக்கு. ஐபிஓ வந்தது ஷ்லாஸ் பெங்களூர்ங்கற பேருல. ரெண்டும் வேற வேற.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன், அம்மாவோ ஐயாவோ, பேரு போடலை. பங்கு நல்லதா கெட்டதாங்கறது ரெண்டாவது. ரெண்டு வருஷத்துல காலேஜ் ஃபீஸ் கட்டியாகணும். அந்தத் தேதி தள்ளிப்போகாது. ஹோட்டல் தொழில்ல ஒரு மோசமான சீசன் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, அது சரியா உங்க ஃபீஸ் கட்டுற மாசத்துலயும் வரலாம். அதனால ஃபீஸுக்குத் தேவையான தொகையை, சின்ன நஷ்டமா இருந்தாலும் பரவாயில்லை, எடுத்து பேங்க் டெபாசிட்ல போட்டுடுங்க. அஞ்சாறு வருஷம் தொடாம இருக்கக்கூடிய பணம் ஏதாவது அதுல இருந்தா, அதை மட்டும் விட்டு வைங்க. எவ்வளவு பங்கு, ஃபீஸ் எவ்வளவுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.