தெரியாம எடுத்தாத்தான் இயல்பா வருமா?

அடுத்த கேள்வி. "வீட்டுல பாட்டி, அம்மா, பசங்களைக் கருப்பு வெள்ளையில எடுக்கிறேன். கேமராவைத் தூக்கினதுமே விறைச்சுக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியாமத்தான் எடுக்கணுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

வேண்டாங்க. ஒளிஞ்சு எடுக்கிற பழக்கம் வந்துட்டா, அப்புறம் வீட்டுல யாரும் உங்க முன்னாடி நிம்மதியா உட்கார மாட்டாங்க.

எம்மெட் கோவின்னு ஒரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 1964ல ஈடித்துங்கிறவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். வர்ஜீனியாவுல டான்வில்ங்கிற ஊர்ல, மனைவியையும் அவங்க வீட்டு ஆளுங்களையும் வருஷக்கணக்கா எடுத்தார். பல படங்களுக்கு ஸ்டாண்டுல நிக்கிற பெரிய ஷீட் ஃபிலிம் கேமரா, அதாவது சுருளா இல்லாம ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தகடா ஃபிலிம் போடுற கேமரா. தலையில கறுப்புத் துணியைப் போர்த்திக்கிட்டு, கேமராவோட பின்பக்கக் கண்ணாடியில தலைகீழாத் தெரியிறதைப் பார்த்து ஃபோகஸ் பண்ணணும். அதை எங்கே ஒளிச்சு வைக்கிறது? 1969ல எடுத்த படம் ஒண்ணு இருக்கு. நான்சின்னு வீட்டுப் பொண்ணு. கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் பின்னி முறுக்கி, கைக்கொரு முட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எடுக்கிறவருக்காகவே நிக்குது, ஆனாலும் எவ்வளவு நெருக்கம்! தனக்குத் தெரிஞ்சு, நம்பி நிக்கிறதால வர்ற நெருக்கம் அது.

எங்க பாட்டி கொல்லைக் கதவுகிட்ட உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாங்க. கேமராவைப் பார்த்தாலே முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்துடுவாங்க. ஒரு வாரம் கேமராவைத் தரையில வச்சுட்டு நானும் கூடவே கீரை ஆய்ஞ்சேன். நாலு படம் எடுத்ததை மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுக் கையில கொடுத்தேன். அதுக்கப்புறம் அவங்களே, "இன்னைக்கு எடுக்கலையாடா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க.

ட்யூப்லைட்டை அணைச்சுடுங்க. கதவு வழியா வர்ற வெளிச்சம் ஒண்ணு போதும். ஃபிலிமோட ஒளி உணர்திறன் 400 ஐ.எஸ்.ஓ., ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/125 வினாடி. இருட்டா இருந்தா 1/60. கலர்ல எடுத்தப்போ பக்கத்துல இருந்த பச்சை பிளாஸ்டிக் வாளிதான் முதல்ல கண்ணுல பட்டுது. கருப்பு வெள்ளையில அது வெறும் சாம்பல் நிறமா ஒதுங்கிடுச்சு. பாட்டியோட விரல் நுனியில ஒட்டியிருந்த கீரைக் காம்பும், நகத்து ஓரத்துக் கறையும்தான் தெரிஞ்சுது. நான் கருப்பு வெள்ளை எடுக்கிறதே இதுக்காகத்தான்.

வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. தலை வாராம இருந்த ஒரு படத்தைப் பாட்டி, "இது யாருக்கும் வேணாம்"னு சொன்னாங்க. பிரிண்டையும் நெகட்டிவையும் அவங்க கையிலேயே கொடுத்துட்டேன். மடிச்சு வெத்தலைப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டாங்க.