தனி நாடு கேட்டு ஓட்டு: பத்திரத்தில் வாய்க்கால் இருக்கிறதா?

வணக்கம் மக்களே. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம், எங்கள் வயலுக்கு மேலே இருக்கிற மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசுகிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

போன வீடியோவில், பிரிட்டனை விட்டுப் பிரியலாமா என்று ஸ்காட்லாந்து ஓட்டுப் போட்டதைப் பற்றி ஒரு வரி சொன்னேன் இல்லையா, ஒரு நாட்டுக்குள் இருக்கிற ஒரு பகுதி "நாங்கள் தனியாகப் போகிறோம்" என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில்: செய்யலாம், கேட்கிற உரிமை அந்த மக்களுக்கு உண்டு. ஆனால் பாகப்பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைக்கிற ஓட்டாக அது இருக்கக் கூடாது.

ஏன் பாகப்பத்திரம் என்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்த கதை அது. ஒரு வேலி நிலம், அதாவது இருபது மா, அப்பாவும் பெரியப்பாவும் 1998இல் ஆளுக்குப் பத்து மா என்று பிரித்துக்கொண்டார்கள். சண்டையே இல்லை, அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்துச் சாப்பிட்டோம். அந்தப் பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது, நேற்று எடுத்துப் பார்த்தேன். நான்கெல்லை இருக்கிறது, களத்துமேட்டில் நிற்கிற இரண்டு தென்னை யாருக்கு என்பது இருக்கிறது, வைக்கோல் போர் போடுகிற இடம்கூட இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. வாய்க்கால் பெரியப்பா வயல் வழியாகத்தான் எங்களுக்கு வர வேண்டும், ஆனால் யாருக்கு எத்தனை நாள் முறை என்று ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. 2002, 2003 வறட்சி வந்தது பாருங்கள், ஒருநாள் காலையில் போனால், வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறது. அப்பா மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அப்புறம் நாலு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இதே கதைதான் தெற்கு சூடானில் நடந்தது. 2011 ஜனவரியில் அங்கே வாக்கெடுப்பு, 98.83 சதவீதம் பேர் சூடானை விட்டுப் பிரிவோம் என்றார்கள், ஜூலை 9ஆம் தேதி தனி நாடு ஆனது. பல லட்சம் பேரைச் சாகக் கொடுத்த ஜனங்கள் அவர்கள், பிரிந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய் முக்கால்வாசி தெற்கில், அதைக் கடலுக்குக் கொண்டுபோகிற குழாய் வடக்கே இருக்கிற சூடான் வழியாகப் போகிறது. கிணறு என்னுடையது, வாய்க்கால் உன் வயலில்! குழாய்க்கு எவ்வளவு வாடகை என்று முடிவு செய்யாமலே பிரிந்துவிட்டார்கள். ஆறே மாதத்தில், 2012 ஜனவரியில், வாடகைத் தகராறில் தெற்கு தன் எண்ணெய் உற்பத்தியையே நிறுத்தியது. அரசாங்கத்துக்கு வருமானமே அதுதான். அப்புறம் எல்லையில் சண்டை, 2013 டிசம்பரில் அவர்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர்.

சரி, ஸ்காட்லாந்து. 2014 செப்டம்பர் 18. நடத்திய விதத்தில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. லண்டனில் இருக்கிற பிரிட்டன் அரசாங்கமும் எடின்பரோவில் இருக்கிற ஸ்காட்லாந்து அரசாங்கமும் 2012இல் கையெழுத்துப் போட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் களத்தில் இறங்கினார்கள். கேள்வி ஒரே வரி: ஸ்காட்லாந்து தனி நாடாக இருக்க வேண்டுமா? முதலில் "தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா" என்று எழுதியிருந்தார்கள், அப்படிக் கேட்டால் ஆமாம் பக்கம் இழுக்கும் என்று தேர்தல் ஆணையம் மாற்றச் சொன்னது. 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு. என்கூடப் படித்த ஒருவன் அப்போது கிளாஸ்கோவில் மேல்படிப்பில் இருந்தான், காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் அவனும் போட்டான். ஆனால் அங்கேயே பிறந்து லண்டனில் குடியிருக்கிற ஸ்காட்லாந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது, நாளைக்கு அந்த மண்ணில் இருந்து பாடுபடப் போகிறவன்தானே சொல்ல வேண்டும்.

84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் 55.3, வேண்டும் 44.7.

இடித்தது எங்கே என்றால் வாய்க்காலில்தான். தனி நாடானாலும் பவுண்டுதான் எங்கள் பணம் என்று ஸ்காட்லாந்து அரசாங்கம் எழுதி வைத்தது, அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றது லண்டன். கடல் எண்ணெய் பீப்பாய் 110 டாலர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வாக்கெடுப்பு முடிந்த நாலே மாதத்தில் 50க்குக் கீழே போய்விட்டது. பிரிய வேண்டாம் என்ற பக்கமும் யோக்கியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமானால் எங்களோடு இருங்கள் என்று சொல்லித்தான் வேண்டாம் ஓட்டுக் கேட்டார்கள். 2016இல் ஒன்றியத்தை விட்டுப் போகலாமா என்று பிரிட்டன் முழுக்க ஓட்டு வைத்தபோது, ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கலாம் என்று சொல்லியும், 2020இல் பிரிட்டன் மொத்தமும் வெளியேறிவிட்டது. இருப்பதற்காகப் போட்ட ஓட்டு என்ன ஆனது? கையெழுத்து வாங்கிய பிறகு பத்திரத்தைத் திருத்துவதுதானே இது. அதனால் மறுபடி ஓட்டுக்கு விடுகிறோம் என்று ஸ்காட்லாந்து அரசாங்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லண்டன் அனுமதி இல்லாமல் நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சட்டப்படி சரியாகவே இருக்கட்டும், ஆனால் எப்போதுதான் கேட்கலாம் என்று லண்டன் ஒரு வழி சொல்ல வேண்டாமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பிரியலாமா என்று 1995இல் கேட்ட கேள்வி ஸ்காட்லாந்தின் ஒரு வரிக் கேள்விக்கு நேர் எதிர். கூட்டுறவுக்குக் கனடாவை முறைப்படி அழைத்த பிறகு, மசோதாவின்படி, ஜூன் 12 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி என்று நீண்டுகொண்டே போகும். நமக்கு ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கிற நாள், அதனால் அந்தத் தேதி மனதில் நின்றுவிட்டது. பிரிய வேண்டாம் 50.58, பிரியலாம் 49.42. சுமார் 54,000 ஓட்டு வித்தியாசம்! திரும்ப ஒட்ட வைக்க முடியாத ஒரு காரியத்தை அவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கவிடக் கூடாது. 2006இல் மாண்டினீக்ரோவில், செர்பியாவை விட்டுப் பிரிய 55 சதவீதம் ஓட்டு வேண்டும் என்று முன்பே பேசி வைத்தார்கள், 55.5 கிடைத்தது, அமைதியாகப் பிரிந்தார்கள்.

நம் ஊருக்கும் இது புதிய பேச்சு இல்லை. "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று கோஷம் போட்டவர் என் தாத்தா. 1963இல் பிரிவினைப் பேச்சைத் தடுக்கிற அரசியல் சட்டப் பதினாறாவது திருத்தம் வந்தது, திமுகவும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. தாத்தாவுக்குக் கடைசிவரை அந்த வருத்தம் இருந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கடைமடையில் பிறந்தவனாக எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரே நாட்டுக்குள் இருக்கும்போதே காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் வைத்து, 2007இல் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று முடிக்க வேண்டியிருந்தது. நடுவில் நாட்டு எல்லை விழுந்திருந்தால் எந்தப் படியேறி யாரிடம் கேட்டிருப்போம்?

அதனால் நான் சொல்வது இரண்டு ஓட்டு. பிரிவதைப் பற்றிப் பேச்சு தொடங்கலாமா என்று முதலில் ஒன்று. பணம், கடன், தண்ணீர், குழாய், ஓய்வூதியம், எல்லாம் எழுதிக் கையில் கொடுத்தபிறகு, இதற்குச் சம்மதமா என்று இன்னொன்று. நாள் ஆகும், ஆகட்டும்.

எங்கள் வீட்டில் 2007இல்தான் உட்கார்ந்து எழுதினார்கள், மூன்று நாள் அவர்களுக்கு, மூன்று நாள் எங்களுக்கு. இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பெரியப்பா முறை முடிகிறது. அதோ அவரே வரப்பில் வருகிறார், நான் போய் மடையைத் திறக்கிறேன்.