பள்ளத்துச் சாம்பலும் பக்கத்துக் கிணறும்

வணக்கம் நேயர்களே. பென்னாகரம் சாலையில் பதினாறு வருடமாகச் சாம்பல் செங்கல் பட்டறை வைத்திருக்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பலுக்கு அரசாங்கங்கள் என்னென்ன சட்டம் போட்டிருக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சோறு போடுவதே அந்தச் சாம்பல்தான். அதனால் அதைக் குறை சொல்ல வரவில்லை, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து மேச்சேரி, தொப்பூர் வழியாக பல்கர் லாரி, அதாவது தூளை மூடிய தொட்டியில் ஏற்றிவரும் லாரி, வரும். குழாயை மாட்டி, காற்றடித்து சைலோ என்கிற உயரமான சேமிப்புத் தொட்டிக்குள் ஏற்றுவார்கள். கையில் அள்ளிப் பார்த்தால் முகப் பவுடர் மாதிரி இருக்கும், விரல் இடுக்கில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். மூக்கில் துணி கட்டாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடமாட்டேன். அதோடு சுண்ணாம்பு, ஜிப்சம், கிரஷர் தூள் சேர்த்து அச்சில் அழுத்தி, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு கியூரிங் செய்தால் கல்லாகிவிடும். கல்லான பிறகு அது பறக்காது, சுலபத்தில் கரையவும் செய்யாது.

நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது முதல் நாற்பத்தைந்து கிலோ சாம்பலாகவே மிஞ்சும். 2021-22இல் மட்டும் நாடு முழுக்க 27 கோடி டன் சாம்பல். அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம், குரோமியம், செலினியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சதவீதமாகச் சொன்னால் துளிதான். ஆனால் கோடி டன்னில் துளி என்பது துளியாக இருப்பதில்லை.

1999 செப்டம்பரில் மத்திய அரசு முதல் அறிவிக்கையைப் போட்டது. அதற்கு இரண்டு நோக்கம். சூளைக்காக வயலின் மேல்மண்ணை வெட்டி எடுப்பதை நிறுத்த வேண்டும், சாம்பலைக் கண்ட இடத்தில் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் மண்ணில் கால் பங்காவது சாம்பல் கலக்க வேண்டும் என்றார்கள். 2003இல் அந்த எல்லை 100 கிலோமீட்டர், 2016இல் 300 கிலோமீட்டர். 2021 டிசம்பர் 31இல் வந்த புதிய அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் மின் நிலையம் 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மின் நிலையங்கள் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து விட்டுத் தேக்குகிற சாம்பல் குளங்களில் பழசாகக் கிடப்பதையும் பத்து வருடத்துக்குள் தீர்க்கச் சொன்னது. பலன் கிடைத்தது, மறுக்க முடியாது. 1996-97இல் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடப் பயன்படவில்லை. 2021-22இல் 95ஐத் தாண்டிவிட்டது. என் பட்டறையும் அந்தச் சட்டத்தால் முளைத்ததுதான்.

ஆனால் அந்த 95இல் செங்கலும் சிமெண்டும் மட்டும் இல்லை. சாம்பலைக் கொட்டிப் பள்ளம் நிரப்புவதும் 'பயன்பாடு' என்றே கணக்கில் ஏறுகிறது. கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிற சாம்பலும், மழையில் நனையும்படி பள்ளத்தில் கிடக்கிற சாம்பலும் ஒன்றா? பள்ளம் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு அனுமதித்தோம் என்பதை வாரியம் இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். இது 2021 அறிவிக்கையிலேயே இருக்கிறது. நம் அபாயகரக் கழிவு விதிகளோ, 'அளவு பெரிது, பாதிப்பு குறைவு' என்று சொல்லிச் சாம்பலை வெளியே வைத்திருக்கின்றன. ஆகவே இந்த அனுமதிக் காகிதம் ஒன்றுதான் ஊருக்குக் காவல்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2008 டிசம்பர் 22, நள்ளிரவு கடந்த நேரம். டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊர். அங்கே சாம்பல் குளத்தின் கரை உடைந்து, சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு 300 ஏக்கருக்கு மேல் பரவியது, ஆற்றிலும் இறங்கியது. அதை வாரிச் சுத்தம் செய்த தொழிலாளர்கள் பலர் பின்னால் நோயில் விழுந்து கோர்ட்டுக்குப் போனார்கள். ஏழு வருடம் கழித்து, 2015இல்தான் சாம்பலுக்கென்று அந்த நாட்டு மத்திய அரசின் விதி வந்தது. அவர்களும் சாம்பலை அபாயகரக் கழிவு என்று சொல்லவில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த விதியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சாம்பல் குளத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறு தோண்ட வேண்டும். அந்தத் தண்ணீரைச் சோதித்து, முடிவை நிறுவனமே பொதுமக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் போட வேண்டும். சாம்பலைக் கல்லாக்காமல் சாலை அல்லாத வேலைக்கு, அவர்கள் கணக்கில் 12,400 டன்னோ அதற்கு மேலோ, அப்படியே மண்ணில் போடுவதானால், கேடு வராது என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

அங்கே மட்டுமல்ல, இங்கேயும் கரை உடைந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில் சாம்பல் அணை உடைந்து ஆறு பேர் இறந்து போனார்கள், குழந்தைகளும் அதில் உண்டு.

எத்தனை டன் போனது என்று நம் சட்டம் கேட்கிறது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அதே குரலில் கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம் போர் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது, குடிக்க ருசியாக இருந்தது. பிள்ளைகளின் பல்லில் கறை ஏறி, பெரியவர்களின் முட்டி மடங்காமல் போன பிறகுதான் ஃபுளோரைடு என்ற பெயரே நமக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்த ஃபுளோரைடு பாறை கொடுத்தது. இதுவோ நாம் கொண்டுவந்து கொட்டுவது.

போன வருடம் எங்கள் பக்கத்து ஊரில், ஒரு காலத்தில் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில் டிப்பர் லாரிகள் இரவில் சாம்பல் கொட்டின. தார்பாய்கூட மூடவில்லை. "என்ன லோடுண்ணா?" என்று கேட்டேன். "சாம்பல்தான் சார், ஓனர் பள்ளத்த ரொப்பச் சொன்னாரு" என்றார் டிரைவர். அனுமதிக் காகிதம் கேட்டேன், அவரிடம் இருந்தது எடைச் சீட்டு மட்டும்தான். மேல்மண்ணைக் காக்க வந்த சட்டத்தின் சாம்பல், மேல்மண் போன அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது.

அடுத்த வரப்பில் ஒரு பெரியம்மாவின் கிணறு. நாற்பது அடிகூட இருக்காது. "மாடு குடிக்குது, நானும் குடிக்கிறேன், என்னப்பா ஆகும்?" என்றார். கிரானைட் வெட்டிய குழிகள் கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையக் கிடக்கின்றன, அங்கேயும் யாராவது இப்படி லோடு இறக்க வந்தால் வாரியத்தின் அனுமதியைக் கேளுங்கள், பஞ்சாயத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியம்மா கிணற்றிலிருந்து இரண்டு லிட்டர் கேனில் தண்ணீர் எடுத்து சோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் எழுதி வந்தது. ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் அந்தத் தாளில் கட்டமே இல்லை. உலோகச் சோதனைக்குத் தனியாக எழுதிக் கொடுத்து, தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். கட்டிவிட்டேன். மறுபடி தண்ணீர் எடுக்க இந்த வியாழக்கிழமை போகிறேன்.