முறுக்குக்குச் சிக்கெடுத்த கதை

நேயர்களுக்கு வணக்கம். நாய் வளர்ப்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. சிட்னியின் மேற்கே டூங்காபியில், ஐந்து வருடமாக ஒரு கவூடிலோடு குடித்தனம் நடத்துகிறவள். என் தகுதி அவ்வளவுதான்.

கவூடில் என்பது கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்த கலப்பு. எங்கள் வீட்டில் இருப்பவன் ஏழு கிலோ, வெல்ல நிறம், உடம்பெல்லாம் சுருள். அதனால் பெயர் முறுக்கு. பூங்காவில் நின்று "முறுக்கு! முறுக்கு!" என்று நான் கத்தினால், அந்தப் பக்கம் போகும் தமிழர்கள் விற்பனைக்கு வந்திருக்கிறது போல என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவனை வாங்க வைத்தது இரண்டே சொல்: "முடி கொட்டாது." என் கணவருக்கு நாய் பக்கத்தில் வந்தாலே தும்மல். பூடில் கலப்பு என்றால் பிரச்சினையே இல்லை என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

இந்த நம்பிக்கை ஊரெல்லாம் பரவ ஒரு பெரிய காரணம் ஆஸ்திரேலியாவில் நடந்த கதைதான். விக்டோரியாவில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதினார். அவருக்குப் பார்வை இல்லை, வழிகாட்டி நாய் வேண்டும். ஆனால் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் 1989ல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி.

கவனியுங்கள், ஒரே ஈற்றில் மூன்றில் ஒன்று. ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது "லாப்ரடூடில்" என்று அவர் பரப்பிய பெயர். இந்தக் கணக்கு போய்ச் சேரவில்லை. யார் வேண்டுமானாலும் கண்டபடி கலந்து விற்க வழி திறந்துவிட்டோமே என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார்.

தும்மலைக் கிளப்புவது எச்சிலிலும் தோலின் பொடுகிலும் இருக்கும் புரதம். முடி அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் 2012ல் வந்த ஓர் ஆய்வில், அலர்ஜி தராதவை என்று பேரெடுத்த நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை. என் கணவர் இன்றும் காலையில் நாலு தும்மல் போடுகிறார். முன்பு நாற்பது. அது எங்கள் அதிர்ஷ்டம். வாங்க நினைப்பவர்கள், அதே நாயோடு ஒரு முழுப் பகல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

சரி, முடிக்கு வருகிறேன். கொட்டாத முடி எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கும் போகாது! உதிர்ந்தது தரையில் விழாமல் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொள்ளும். கலப்பு நாய்களில் ஸ்பானியலின் பட்டு முடி வேறு நடுவே நுழைந்து பின்னிக்கொள்ளும். அதுவும் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் ஒரு வயதுவாக்கில், ராத்திரிக்கு ராத்திரி சிக்கு விழுகிறது.

நான் தினமும் சீவத்தான் செய்தேன். மேலே பளபளவென்று இருந்தான். முடி வெட்டும் இடத்துக்குக் கூட்டிப்போனால், அந்தப் பெண் விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். தோலை ஒட்டி ஜமக்காளம் விரித்த மாதிரி ஒரே தகடு. ஒட்ட வழிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். வழித்த பிறகு அடியில் தோல் சிவந்து கிடந்தது. அந்த வலியோடுதான் இத்தனை நாள் வாலாட்டிக்கொண்டிருந்தானா என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முடியில்லாமல் பார்க்க மூஞ்சூறு மாதிரி இருந்தான் என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயம் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். சாமி அறைப் பக்கம் சடைநாய் வரக்கூடாது என்று கோடு போட்டவர். முடி திரும்ப வளர்ந்து நான் சீவ ஆரம்பித்ததும், தள்ளி நின்று ரெண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. "மேலோட்டமா தடவினா சிக்கு போயிருமாடி? அடியைப் பிடிச்சுக்கிட்டு நுனியிலேர்ந்து வா. உனக்கு நான் எப்படிச் சீவினேன்?"

முடி வெட்டும் பெண் சொல்லிக் கொடுத்ததும் அதேதான். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார்த்து, வேர்ப்பக்கம் இழுபடாமல் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு இரும்புச் சீப்பை அடியிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்தால்தான் சீவியதாக அர்த்தம். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம் இவைதான் கள்ள இடங்கள். சிக்கோடு குளிப்பாட்டாதீர்கள், நனைந்த கம்பளி மாதிரி இறுகிவிடும். கத்தரிக்கோலால் சிக்கை நறுக்கவும் வேண்டாம், தோலும் சேர்ந்து மேலே வந்திருக்கும். ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டவும் வேண்டும். அதற்கு ஆகும் காசை என் அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

பூடில், வேட்டையில் விழுந்த வாத்தைத் தண்ணீருக்குள் போய் எடுத்து வரப் பழக்கிய நாய். பெயரே தண்ணீரில் சளசளப்பதற்கான ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் முறுக்கு குட்டையைக் கண்டால் நிற்க மாட்டான். நனைந்து வந்தால் அந்தத் தொங்கு காதுகளை உலர்த்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டே நாளில் ஊசல் நாற்றம். கவலியர் வழியில் இதய வால்வு நோய் வருவது உண்டு. வருடத்துக்கு ஒரு முறை மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கட்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, மக்கடேமியா கொட்டை, சாக்லேட் கூடாது. தீபாவளிக்கு வரும் விருந்தினர் அன்போடு நீட்டும் கேசரியில் திராட்சை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே கிழக்குக் கடற்கரை ஓரத்தில் ஓர் உண்ணி இருக்கிறது, கடித்து ஊறும் விஷத்தால் நாயை முடக்கிப் போடும். வெயில் ஏறும் மாதங்களில் அதிகம். உண்ணித் தடுப்பு மாத்திரை கொடுத்தாலும், புதர்ப் பக்கம் போய் வந்தால் விரலால் தடவித் தேட வேண்டும். சுருளுக்குள் கண்ணுக்குத் தெரியாது. குரைக்கும் குரல் மாறினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நேற்று முறுக்கு, சிட்னிக்கு வடக்கே சென்ட்ரல் கோஸ்ட் பக்கம் புதர்க்காட்டில் உருண்டுவிட்டு வந்திருக்கிறான். நேற்று ராத்திரி தலையும் கழுத்தும்தான் பார்த்தேன். அக்குளும் கால் விரலிடுக்கும் பாக்கி. நான் கிளம்புகிறேன். வணக்கம்.