கழுவி வைப்பது யார்?

(‘வீட்டு மின்சாதனங்கள்: பயனா, பாரமா?’ கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த பட்டிமன்றத்தில் ‘பாரமே’ அணியின் மூன்றாவது பேச்சு)

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழிகளே, எதிரே சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, காலி வீதி ட்ராபிக்கைத் தாண்டி நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். கைதட்டலும் அள்ளிக்கொண்டு போனார். “அம்மியில் அரைத்து, உரலில் இடித்து, ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய காலத்துக்கே உங்களைத் திருப்பி அனுப்பட்டுமா?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். வேண்டாம் தம்பி. அம்மியைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதன் முன்னால் ஒருநாளும் குந்தியிருக்காதவர்கள். என் அம்மம்மா கடைசிக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருந்ததை நான் பார்த்தவள். அம்மிக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை.

இன்னொன்றையும் இப்போதே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷின், ரைஸ் குக்கர், கிரைண்டர். இந்த நாலையும் எதிரணியே எடுத்துக்கொள்ளட்டும். (பொறுங்கள், அதற்குள் கை தட்டாதீர்கள்.) எங்கள் வழக்கு இந்த நாலைப் பற்றியது அல்ல. நாலுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பதினாலைப் பற்றியது. சான்ட்விச் மேக்கர், ரொட்டி மேக்கர், ஜூசர், எயார் ஃபிரையர், முட்டை அவிக்கும் மெஷின், மரக்கறி வெட்டும் மெஷின்... பான்ட்ரி கபேட்டின் மேல் தட்டில், பெட்டியோடும் ரெஜிஃபோமோடும் குடியிருக்கிறார்களே, அவர்களைப் பற்றியது.

தம்பி தன் பிரதான சாட்சியாக நிறுத்தியது ரைஸ் குக்கரை. “சுவிட்சைத் தட்டிவிட்டு வேலைக்கு வெளிக்கிடலாம்” என்றார். உண்மை. அந்தச் சாட்சியையே நான் கொஞ்சம் விசாரிக்கிறேன்.

மின்சார ரைஸ் குக்கர் விற்பனைக்கு வந்தது 1955இல், ஜப்பானில். விற்றது தோஷிபா நிறுவனம். செய்து கொடுத்தவர் யோஷிதாதா மினாமி என்று சிறிய பட்டறை வைத்திருந்த ஒருவர். அவருக்குச் சோறு சமைப்பதைப் பற்றி எதுவும் தெரியாது. அவருடைய மனைவி ஃபுமிகோவுக்குத் தெரியும். வீட்டில் திரும்பத் திரும்ப அரிசியை வேகவைத்துச் சோதித்துப் பார்த்தவர் அந்த அம்மாதான். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணீர் முடிந்ததும் சூடு குபுக்கென்று ஏறும். அந்த ஏற்றத்தைப் பிடித்து சுவிட்ச் தானாக விழ வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். இன்றைக்கு நம் வீட்டில் ‘டக்’கென்று விழுகிற சுவிட்சும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. அதே 1955இல்தான் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

நடுவர் ஐயா, இந்த இரண்டு சாமானும் ஏன் கபேட்டுக்குள் போகவில்லை? தினமும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையில் ஒருத்திக்கு இடுப்பு நொந்தது. அந்த நோவுக்கு மருந்தாகச் சாமான் வந்தது. நான் சொல்லும் பதினாலும் அப்படி வரவில்லை. முதலில் சாமான் வருகிறது. அப்புறம் அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று நாங்கள் தேடுகிறோம்.

என் வீட்டு ரொட்டி மேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தி தந்தது. மெல்லிய சப்பாத்திக்காகச் செய்த சாமான் அது; பெட்டியில் இருக்கிற படமே சப்பாத்திதான். நம் வீட்டில் ரொட்டி என்றால் என்ன? கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கையால் தட்டுவது. உருண்டையை நடுவில் வைத்து மூடியை அமத்தினால், அது அப்படியே வழுக்கிப் பின்பக்கமாக வெளியே வரும். மறுபடி உள்ளே தள்ளி அமத்தினால் இலங்கை வரைபடம் மாதிரி ஒன்று கிடைக்கும், யாழ்ப்பாணப் பக்கம் கருகி, காலிப் பக்கம் வேகாமல். தேங்காய்ப்பூ தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டக் கூடாது, கோட்டிங் போய்விடும். தண்ணீருக்குள்ளும் போடக் கூடாது, உள்ளே கரண்ட் வயர். ஈரத் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டுமாம். பச்சைக் குழந்தையைக்கூட நான் அவ்வளவு பக்குவமாகத் துடைத்ததில்லை. பக்கத்தில் இருக்கிற சாதாரண தாச்சி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அடுத்தது ஜூசர். “ஒரு நிமிடத்தில் சுத்தமான பழச்சாறு” என்று எதிரணித் தலைவி சொன்னார். ஒரு நிமிடம்தான், நான் மறுக்கவில்லை. தோடம்பழச் சாற்றை வீட்டுக்காரர் ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டு பேப்பரோடு பெல்கனிக்குப் போய்விடுவார். அப்புறம்தான் கதை தொடங்குகிறது. மூடி, தள்ளும் கட்டை, சக்கை விழும் வாளி, சாறு வழியும் கிண்ணம், நடுவில் அந்த வலை வடி. அந்த வடியின் துளைகள் ஊசிமுனை அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு தும்பு சிக்கியிருக்கும். பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். உடனே தேய்க்காவிட்டால் காய்ந்துவிடும். காய்ந்தால் ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தால் சிங்க் நிறைந்துவிடும். ஒரு தம்ளர் சாற்றுக்கு ஒரு சிங்க் சாமான்! நடுவர் ஐயா, உங்கள் வீட்டு ஜூசரைக் கடைசியாகக் கழுவியது யார் என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் வீட்டு அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அவரே சிரிக்கிறார், பாருங்கள்.

என் கட்சி இதுதான். ஒரு சாமான் எத்தனை நிமிடம் மிச்சப்படுத்துகிறது என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். கழுவ, துடைக்க, காயவைக்க, பாகம் பாகமாகப் பூட்ட, கபேட்டில் ஏற்ற எத்தனை நிமிடம் என்று எந்தப் பெட்டியிலாவது அச்சடித்திருக்கிறதா? மிச்சமான நிமிடம் ஒருவர் கணக்கில் விழுகிறது, செலவான நிமிடம் இன்னொருத்தர் கணக்கில் விழுகிறது. அந்த இன்னொருத்தர் யாரென்று இந்தச் சபையில் இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஒன்று நடந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது அப்பாவின் வேலை. திருவலையில் குந்தி, இரவுச் செய்தி முடியுமுன் இரண்டு பாதியையும் முடித்துவிட்டுத்தான் எழும்புவார். அவர் சமைத்ததில்லை, ஆனால் குசினிக்குள் அவருக்கு ஒரு இடம் இருந்தது. பிளெண்டர் வந்தது. “அதுதான் மெஷின் இருக்கே” என்று அப்பா ராஜினாமா செய்துவிட்டார். தேங்காயைச் சிரட்டையில் இருந்து கெல்லி, துண்டு துண்டாக வெட்டி, பிளெண்டரில் அடித்து, பிழிந்து, பிளெண்டரைக் கழுவுவது அம்மாவின் வேலையாகிவிட்டது. மெஷின் அப்பாவின் வேலையைத்தான் குறைத்தது. எத்தனை வீடுகளில் மா இடித்த அண்ணன்மாரும், துணி பிழிந்து கொடுத்த தம்பிமாரும் இப்படி ஓய்வு பெற்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். எயார் ஃபிரையரால் எண்ணெய் மிச்சம் என்றார் தம்பி. மிச்சம்தான். 1500 வாட் எயார் ஃபிரையர் இருபது நிமிடம் விடாமல் ஓடினால் அரை யூனிட். ஒரு தட்டு கட்லட்டுக்கு அரை யூனிட் பெரிதா என்று கேட்கலாம். நம் நாட்டுக் கட்டணத்தின் கணக்கு அப்படி இல்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல். 61ஐத் தொட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60 யூனிட்டின் விலையே மாறிவிடுகிறது. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். ஆகவே உங்கள் கட்லட் எந்தப் படியின் விளிம்பில் பொரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் விலை.

பிளக் விஷயத்தையும் சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை. வெள்ளவத்தைப் பிளாட்டுகளில் பல குசினிகளுக்கு இரண்டு பிளக் பொயின்ட்தான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ஃபிரிட்ஜ். மற்றதில் எக்ஸ்டென்ஷன் கோட். அதில் 2000 வாட் கேத்தல், 1500 வாட் எயார் ஃபிரையர் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 230 வோல்ட்டில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சதுர முள் பிளக் தாங்குவது 13 அம்பியர். பிளக் பழுப்பு நிறமாகி, பிளாஸ்டிக் கருகும் மணம் வந்த வீடுகள் இந்த மண்டபத்திலேயே இருக்கும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் இருக்கிற வீடு என்றால் இன்னும் விசேஷம். கனடாவில் இருந்து மாமி வாஃபிள் மேக்கர் கொண்டு வருவார், சூட்கேஸில் தன் உடுப்பைக் குறைத்துக்கொண்டு. பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே கரண்ட் 120 வோல்ட். இங்கே நேராகக் குத்தினால் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. வாஃபிள் வராது, புகைதான் வரும். அதற்காக ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்க வேண்டும். வாஃபிள் மேக்கரை விட அது பாரம்! ஒரு சாமானைப் பாவிக்க இன்னொரு சாமான், இரண்டையும் வைக்க ஒரு தட்டு. எங்கள் அணியின் பெயரே ‘பாரம்’. மாமி அதைக் கிலோக் கணக்கில் நிரூபித்திருக்கிறார்.

கலியாணப் பரிசைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சான்ட்விச் மேக்கர் கொட்டாஞ்சேனைக் கலியாணத்தில் கிளம்பி, தெஹிவளைக் குடிபூரலுக்குப் போய், பம்பலப்பிட்டியில் பிறந்தநாளும் பார்த்துவிட்டுக் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வரும். ஒருவரும் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எதிரணித் தலைவி 2022ஐ எடுத்தார். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் ரைஸ் குக்கரும் ஹொட்பிளேட்டும்தான் கைகொடுத்தன என்றார். உண்மை, கரண்ட் இருந்த மணித்தியாலங்களில். அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஹொட்பிளேட் வாங்கினவர் ஹொட்பிளேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஏழாம் மாடியில் மூன்று கல் வைத்து விறகு மூட்டவும் முடியாது. சரி, அது நெருக்கடி காலம் என்பீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சமையலுக்கு மூட்டுகிற நேரம். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு. நாடு முழுக்கக் கரண்ட் போனது. குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். அன்றைக்குக் கீரையைக் கையால் அரிந்து, காஸ் அடுப்பில் சட்டி வைத்தவர் நேரத்துக்குச் சாப்பிட்டார்.

“பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள், ஏன் அடுக்கி வைக்கிறீர்கள்?” என்று தம்பி கடைசியாகக் கேட்டார். எங்கே போடுவது? 2022இல் உலகம் எறிந்த மின்கழிவு 6 கோடி 20 லட்சம் தொன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு, நான் சொல்கிற இந்தச் சின்னச் சாமான்கள் வகை. முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இருப்பது மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. நீங்கள் கீழே கொண்டுபோய் வைத்தால் பழைய சாமான்காரர் செப்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை மதிலோரம் விட்டுவிட்டுப் போவார். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் “இதுக்குப் பார்ட்ஸ் இல்லை, புதுசு வாங்குங்கோ” என்பார்கள். அதனால்தான் அது கபேட்டுக்கு மேலே ஏறுகிறது. ஆசையால் அல்ல, போக்கிடம் இல்லாமல்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது ஐயா. ஒரே நிமிடம்.

எனக்குப் பிறகு பேச எதிரணியில் இருந்து ஒரு அக்கா வருகிறார். அவரிடம் இரண்டே கேள்வி. உங்கள் கபேட்டின் மேல் தட்டில் இருக்கிற சாமான்களில், உங்களுக்கு வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கினது எத்தனை? அவற்றைக் கழுவுகிற முறை உங்கள் வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு, எயார் ஃபிரையரின் பெருமையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள் அக்கா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.